பதினேழு என்று அடித்தவள்

2025 பிப்ரவரி 10, திங்கள்

காலை பாசஞ்சர் விக்கிரவாண்டியில் கால் மணி நேரம் நின்றுவிட்டது. திண்டிவனத்தில் இறங்கி ஆபீஸ் மாடி ஏறும்போது மணி பத்து ஐந்து. சீனுவாசன் சார் திட்டவில்லை. அவர் இருந்த சந்தோஷத்தில் இன்று யாரையும் திட்டுவதாக இல்லை. எங்கள் ஒன்பது பேரையும் மேசையைச் சுற்றி நிற்கவைத்து ஒரு மெயிலைப் படித்துக் காட்டினார்.

போன வருஷம் நாங்கள் டைப் அடித்துக் கொடுத்த பழைய கப்பல் குறிப்பேடு பற்றிய மெயில். 1943 மே மாதம், போர் நடந்துகொண்டிருந்தபோது, கல்கத்தாவுக்குப் போன ஒரு சரக்குக் கப்பல் நம் பக்கத்துக் கடலில் புயலில் சிக்கி மூழ்கிவிட்டது. அதில் ஆறு போர் விமானங்கள் இருந்தன. இறக்கையைத் தனியாக, உடம்பைத் தனியாகக் கழற்றி, மரப்பெட்டிகளில் அடைத்து ஏற்றியிருந்தார்கள். ஒரு தடவைகூடப் பறக்காமல் தண்ணீருக்குள் போய்விட்டன. போய்ச் சேர்ந்ததும் அவற்றை மாட்டிக் கொடுக்க ஒரு மெக்கானிக்கும் கூட வந்திருக்கிறார். அவரும் போய்விட்டார். அவருடைய மகள்தான் இந்த மெயிலை எழுதிய ஹெலன் அம்மா. வயது எண்பத்தொன்று. அப்பாவைப் பார்த்ததே இல்லையாம். அவரும் ஒரு மியூசியமும் சேர்ந்து அந்தக் கப்பலைத் தேடுகிறார்கள்.

தப்பிப் பிழைத்தவர்களைத் தூக்கிய இன்னொரு கப்பலின் குறிப்பேட்டில் அந்த இடம் எழுதியிருக்கிறது. நானூறு பக்கம், கையெழுத்து. படமாக அனுப்பினார்கள், நாங்கள் படித்து அடித்தோம். இப்போது அதை வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து ஒரு சர்வே படகு கிளம்பிவிட்டது.

"அக்கா, நம்ம அடிச்ச நம்பர வச்சிக்கினு ஒரு போட்டு கடல்ல சுத்துது. நெனச்சாவே ஒரு மாதிரி இருக்குதுக்கா" என்றாள் பிரபாவதி. என் பக்கத்து நாற்காலி. ஒலக்கூர் பக்கத்திலிருந்து வருகிறாள். அவர்கள் காலனித் தெருவில் முதல் பட்டதாரி. ஆறு வருஷமாக அவள் டப்பாவில் பாதி எனக்கு, என் டப்பாவில் பாதி அவளுக்கு. இன்று அவள் கொண்டுவந்த மல்லாட்டைத் துவையலை நான்தான் முழுசாகத் தின்றேன்.

பிப்ரவரி 18

படகு பற்றிச் செய்தி இல்லை. மகள் பிரின்சிக்கு நர்சிங் பரீட்சைத் தேதி வந்துவிட்டது.

மார்ச் 3, திங்கள்

படகு பத்தொன்பது நாள் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. மணல்தான். சந்தேகம் வந்து, அவர்களே குறிப்பேட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். எண்பத்தெட்டாம் பக்கம். நாங்கள் அடித்துக் கொடுத்த அட்சரேகை பன்னிரண்டு டிகிரி பதினேழு நிமிடம். அதில் எழுதியிருப்பது பதினொன்று.

சார் அந்தப் படத்தைத் திரையில் போட்டார். மை ஊறி, ஒன்றின் தலையில் ஒரு கீற்று இழுத்திருக்கிறது. அவசரத்தில் பார்த்தால் ஏழு.

"இத அடிச்ச ஏழாம் நம்பர் லாகின் யாருது?"

பிரபாவதி எழுந்து நின்றாள்.

"கோட்டால படிச்சிட்டு வந்து உக்காந்தா இப்பிடித்தான். உன் ஒரு எழுத்தால வயசான ஒரு பொம்பள கடல்ல காச கொட்டிக்கிட்டு நிக்குது" என்றார். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். யாரும் தலையைத் தூக்கவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்ல சார். நான்தான் அடிச்சிருப்பேன் சார். மன்னிச்சிடுங்க சார்."

ஹெலன் அம்மாவுக்கு மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். மாடிப்படியில் என் தோளில் சாய்ந்து அழுதாள். "ஒத்த எழுத்துக்கா. எப்பிடிக்கா அப்பிடி அடிச்சேன்?" நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "யாருக்கும் வர்றதுதான், உடு" என்றேன்.

அந்தப் பக்கத்தின் மூலையில் டீ நிறத்தில் ஒரு கறை. அரச இலை மாதிரி.

அந்தக் கறை எனக்குத் தெரியும். இன்றைக்கு இது போதும்.

மார்ச் 4

பீரோவில் போன வருஷத்து டைரியை எடுத்துப் பார்த்தேன். பார்க்காமலே தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

2024 ஜூன் 14, வெள்ளி. என் கையெழுத்து. "பிரபாவதி குழந்தைக்குக் காய்ச்சல். மதியமே போய்விட்டாள். இன்று முடிக்க வேண்டிய கட்டு. 74 முதல் 96 வரை அவள் லாகினிலேயே உட்கார்ந்து நான் முடித்தேன். கண் எரிகிறது. பாவம், அவளுக்கு ஒரு உதவி."

பாவம், அவளுக்கு ஒரு உதவி!

படிக்க முடியாத எழுத்து என்றால் பக்கத்தில் கேள்விக்குறி போட வேண்டும். அதுதான் விதி. கேள்விக்குறி அதிகமானால் கட்டு திரும்பி வரும், சார் முகம் சுளிப்பார். அன்று மணி ஐந்தரை, எனக்கு ஆறு மணி வண்டி. ஒன்றா ஏழா என்று ஒரு நிமிஷம் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏழை அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். கேள்விக்குறி போடவில்லை. பதினாறு வருஷமாக ஒரு கட்டுகூடத் திரும்பி வராத ஜெசிந்தா. அந்தப் பெயருக்காகத்தான் போடவில்லை.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 5, சாம்பல் புதன்

சொல்லவில்லை.

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு அப்படியே வண்டி ஏறினேன். பிரபாவதி கடிதத்தோடு வந்திருந்தாள். "அக்கா, இங்கிலீசு சரியா இருக்குதான்னு பாருங்க. அந்தம்மா மனசு நோவக்கூடாது" என்று என்னிடம் நீட்டினாள்.

வாங்கிப் படித்தேன். தவறுக்கு வருந்துகிறேன் என்கிற இடத்தில் 'மிஸ்டேக்' என்று மட்டும் எழுதியிருந்தாள். அதற்கு முன்னால் 'மை' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். அதுதான் சரியான இலக்கணம். என் பேனா. என் கை.

"தேங்ஸ்க்கா" என்றாள்.

மார்ச் 6

அந்த நாற்காலி காலியாக இருக்கிறது. டப்பாவில் பாதிச் சோறு மிஞ்சியது.

மார்ச் 12

போனில் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். பன்னிரண்டு டிகிரி பதினான்கு நிமிடம் என்பது எங்கள் திண்டிவனம்தான். பதினொன்று கொஞ்சம் தெற்கே, பதினேழு கொஞ்சம் வடக்கே. இரண்டுக்கும் நடுவே பதினொரு கிலோமீட்டர். ரயிலில் மயிலம் வருவதற்குள் கடந்துவிடுகிற தூரம். கரையில் இது ஒன்றுமே இல்லை. கடலில் அந்தப் படகு ஒவ்வொரு முழமாக வடக்கும் தெற்குமாகப் போய் வந்திருக்கிறது, பத்தொன்பது நாள், நான் அடித்த ஏழை நம்பி.

மார்ச் 15

வீட்டுக்காரரிடம் சொன்னேன். லூர்துநாதன் பணிமனையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். முழுசாகக் கேட்டார். துண்டில் கையைத் துடைத்தபடி, "யாருக்காவது தெரியுமா?" என்றார். இல்லை என்றேன்.

"அப்பறம் ஒனக்கு எதுக்கு இந்த பேஜாரு? பிரின்சிக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்குது. அந்தப் பொண்ணு சின்ன வயசு, வேற எங்கனா சேந்துக்கும். நீ வாய மூடிக்கினு இரு."

அவர்மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன். வரவில்லை. அதைச் சொல்லட்டும் என்றுதானே அவரிடம் போனேன்?

மார்ச் 22

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போது எல்லாவற்றையும் சரியாக அடுக்கி வைத்திருந்தேன். முழங்காலிட்டதும், "வேலையில கவனக்குறைவா இருந்துட்டேன் சாமி. அதனால ஒருத்தங்களுக்குக் கஷ்டம்" என்று வந்தது.

"மனுஷங்கதானேம்மா" என்றார் சாமியார். பரிகாரமாகச் சொல்லச் சொன்னது ஒரு பரலோக மந்திரம், மூன்று அருள் நிறை மரியே. வெளியே வந்து படியில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கடவுளிடமே டிக் அடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். சார் பிரபாவதியைப் பேசினபோது ஒருத்தரும், அவள்தானா என்று மறு கேள்வி கேட்கவில்லை. என் லாகினாக இருந்திருந்தால் கேட்டிருப்பார்கள். "ஜெசிந்தாவா? இருக்காதே" என்று சாரே சொல்லியிருப்பார். அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும், நான் எங்கிருந்து வருகிறேன் என்பதும் தெரியும். ஆறு வருஷம் அவளோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டதை நானே பெருமையாக வெளியே சொல்லிக்கொண்டவள். அதைப் பெருமை என்று நினைத்ததே இப்போது கூசுகிறது.

மார்ச் 27

சார் கூப்பிட்டு, இனிமேல் எல்லார் வேலையையும் சரிபார்க்கிற பொறுப்பு எனக்கு என்றார். "உங்கள மாதிரி ஆள் பாத்திருந்தா இந்த அவமானம் வந்திருக்குமா?" சரி சார் என்றேன். எப்படிச் சொன்னேன்?

படகு இப்போது பதினொன்றில் தேடுகிறதாம். ஏப்ரல் பத்து வரைதான் அனுமதி. அதற்கப்புறம் கடல் ஒத்துவராது, அடுத்த தை மாதம்தான். அந்தம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, இருந்தாலும் தினமும் படகுக்குப் போன் செய்கிறாராம்.

மார்ச் 29

தூக்கி வாரிப்போட்டது. ரயிலில், பேரணி ஸ்டேஷன் தாண்டும்போது. எதிர் சீட்டில் ஒருவர் பேப்பரை மடித்துக் கழுத்தைச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார். நானும் ஒருநாள் அப்படிக் கழுத்தைச் சாய்த்தேன். அதே எண்பத்தெட்டாம் பக்கத்தில்.

ஓரத்தில், பக்கவாட்டில், பென்சிலில் ஒரு வரி இருந்தது. ரொம்ப மங்கல். வெளிச்சத்தைக் கூட்டி, தலையைச் சாய்த்துப் பாதி படித்தேன். ஓரத்தில் இருப்பதையும் அடிக்க வேண்டும் என்பது விதி. மணி ஐந்தரை. விட்டுவிட்டேன்.

ஆபீஸ் போனதும் படத்தைத் திறந்து மறுபடி பார்த்தேன். கறைக்குக் கீழே இருக்கிறது. பிழைத்தவர்கள் சொன்னது: விடிகாலை இரண்டு மணிக்கே கப்பலை விட்டு இறங்கினோம், ஏழு மணி நேரம் எங்கள் உயிர்ப்படகைக் கடல் வடக்கே அடித்துக்கொண்டு வந்தது.

அப்படியானால் பன்னிரண்டு பதினொன்று என்பது ஆட்களைத் தூக்கிய இடம். கப்பல் மூழ்கிய இடம் அது இல்லை. கப்பல் இன்னும் தெற்கே, பாண்டிச்சேரிக்கு நேரே எங்கேயோ கிடக்கிறது. படகு இந்தத் தடவையும் மணலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.

இது என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் 1

நேரு வீதியில் பிரபாவதியைப் பார்த்தேன். ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்திருக்கிறாள். சீருடைப் புடவை. காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்க வேண்டுமாம், கால் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். அவள் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, கப்பல் கெடச்சிடுச்சா?"

இல்லை என்றேன். முகம் விழுந்துவிட்டது.

"கண்ணாஸ்பத்திரிக்குப் போனேங்கா. கண்ணுலதான் கோளாறோன்னு. பவரே இல்ல, நல்லா இருக்குன்னுட்டாங்க. நம்பிக்கை வராம, வூட்டுல எங்க வூட்டுக்காரர வுட்டு சின்னச் சின்ன சீட்டுல ஒண்ணும் ஏழும் கிறுக்கச் சொல்லி, தள்ளி நின்னு படிச்சிப் பாத்தேன். ஒண்ணுகூட தப்பல. கண்ணு நல்லா இருக்குது. அப்ப எனக்கு இன்னாதான்க்கா?"

நான் சொன்னது: "வேலைப்பளுவுல அப்பிடி ஆவும்."

ஏப்ரல் 2

இன்றைக்கு முழுக்க ஒரு வரியும் சரிபார்க்க முடியவில்லை. அவள் தள்ளி நின்று சீட்டுப் படிப்பதே தெரிகிறது. ஒரு பெண் தன் கண்ணையும் புத்தியையும் சந்தேகப்பட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். நான் இங்கே பச்சைப் பேனாவால் மற்றவர்களுடைய தப்பைச் சுழிக்கிறேன். தூ.

ஏப்ரல் 3

சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஜவுளிக்கடைக்குப் பின்பக்கம் போய்க் காத்திருந்தேன். காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கிற சந்து. அவள் டப்பாவோடு வந்தாள். எனக்குப் பாதி வைக்க மூடியைத் திறந்தாள். அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று, "அந்தப் பதினேழ அடிச்சது நான்தான் பிரபா" என்றேன்.

சிரித்தாள். நான் அவளைத் தேற்றத்தான் அப்படிச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். ஜூன் பதினாலு, குழந்தைக்குக் காய்ச்சல், மதியம் நீ போய்விட்டாய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். போன வருஷத்து டைரியைப் பையில் கொண்டுபோயிருந்தேன். காட்டினேன். படித்தாள். மூடியைத் திரும்ப மூடினாள்.

"மாடிப்படியில உங்க தோள்ல சாஞ்சிக்கினு அழுதேனே. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"லெட்டரத் திருத்திக் குடுத்தீங்களே. அப்பவும்?"

"தெரியும்."

அழவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். அடித்தால்கூட நல்லது என்று இருந்தது.

"எங்க வூட்டுக்காரரு, நீ எப்பவுமே அவசரக்குடுக்கதான்னுட்டாரு. நானும் ஆமான்னேன். ஒரு மாசமா எம் பொண்ணுக்கு மருந்து ஊத்தறப்போ பாட்டில்ல இருக்கற நம்பர மூணு தபா படிக்கிறேன். பயம். எங்க தப்பா ஊத்திடுவேனோன்னு." நிறுத்தினாள். "சரி மேடம். கடையில கூப்புடுவாங்க."

மேடம்.

நான் பென்சில் வரியைப் பற்றியும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போல இருந்தது. உள்ளே போனவள் நின்றாள்.

"போட்டு எப்ப திரும்புது?"

"பத்தாம் தேதி."

"இது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இங்க நின்னுக்கினு இன்னா பண்றீங்க? ஜல்தி போய்ச் சொல்லுங்க. அந்தம்மா அங்க காத்துக்கினு இருக்குது." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

ஏப்ரல் 4

நேற்று மதியமே சாரிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஒருத்தர் லாகின்ல இன்னொருத்தர் உக்காந்தது தெரிஞ்சா நம்ம காண்ட்ராக்டே காலிம்மா. ஒன்பது பேர் சாப்பாடு. இத இத்தோட வுடுங்க." பிறகு யோசித்துவிட்டு, "பென்சில் விஷயத்த மட்டும் அனுப்பிடுவோம். நீங்க மறுபடி சரிபார்த்தப்ப கண்டுபிடிச்சீங்கன்னு. உங்களுக்கும் நல்ல பேரு, கம்பெனிக்கும் நல்ல பேரு. அந்தப் பொண்ணுக்கு அப்பறமா பாத்து ஏதாவது செய்யலாம்" என்றார்.

வேண்டாம் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். "யோசிச்சு சொல்றேன் சார்" என்றேன். யோசிக்கவும் செய்தேன். நேற்று மதியத்திலிருந்து இன்று ராத்திரி வரை. கண்டுபிடித்தவள் என்று ஹெலன் அம்மா எனக்கு நன்றி எழுதுவதுபோலக்கூட நினைத்துப் பார்த்துவிட்டேன். இத்தனைக்கும் பிறகு! ஒரு முழு நாள் அந்தப் படகை வீணாக ஓடவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

காலையில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய் ஹெலன் அம்மாவுக்கு நானே மெயில் எழுதினேன். முதலில் பென்சில் வரி, முழுசாக, பக்கத்தின் படத்தோடு. அதற்குக் கீழே: எண்பத்தெட்டாம் பக்கத்தை அடித்தவள் பிரபாவதி அல்ல, ஜெசிந்தா. அன்று பிரபாவதி ஆபீசிலேயே இல்லை. அவள் வேலை போனது என் தப்புக்கு. சந்தேகம் இருந்தும் குறி போடாதது நான். அவள் எழுதிய மன்னிப்புக் கடிதம் நான் எழுத வேண்டியது. ஒரு மாதமாக எனக்கு இது தெரியும். 74 முதல் 96 வரை எல்லாப் பக்கத்தையும் வேறு யாரையாவது வைத்து மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

அனுப்பின பிறகும் எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் வந்து, "இன்னும் வேல இருக்குதாம்மா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 8

பதில் வந்தது. சாருக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. நாலு வரிதான்.

ஓரக் குறிப்புக்கு நன்றி. படகைத் தெற்கே திருப்பச் சொல்லிவிட்டேன். பிரபாவதி மீண்டும் வேலைக்கு வந்தால் மட்டுமே எங்கள் அடுத்த கட்டு உங்கள் அலுவலகத்துக்கு வரும். நீங்கள் செய்ததைப் பற்றி நான் சொல்ல ஏதுமில்லை, அதை அவள்தான் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 10

படகு தெற்கே ஒன்றரை நாள்தான் தேட முடிந்தது. காற்று ஏறிவிட்டது. திரும்பிவிட்டார்கள்.

தெரிந்தும் நான் கடத்திய அந்த ஒரு வாரம் இருந்திருந்தால்?

சார் என்னை நின்றுகொள்ளச் சொன்னார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். பதினாறு வருஷத்துச் சாமான் ஒரு துணிப்பையில் அடங்கிவிட்டது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து, இந்தத் தடவை சாமியாரிடம் முழுசாகச் சொன்னேன். "அந்தப் பொண்ணு இன்னா சொன்னாங்க?" என்று கேட்டார். 'மேடம்'னு கூப்புட்டா சாமி என்றேன். பரிகாரம் என்ன கொடுத்தார் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

ஏப்ரல் 21

லூர்துநாதன் பத்து நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "கலெக்டர் ஆபீஸ் எதுர்ல மனு அடிக்கிற கடைல ஆள் கேக்கறாங்களாம்" என்றார். ரசம் ஊற்றினேன். "நாளைக்கு நான் எறக்கி வுட்டுட்டுப் போறேன்" என்றார்.

ஜூன் 11

பிரபாவதி வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். சார் அவள் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டாராம். முதல் தடவை வர மாட்டேன் என்றிருக்கிறாள். எல்லாரும் இருக்கும்போது என்னைப் பேசினீர்கள், எல்லாரும் இருக்கும்போது தப்பு என்று சொல்லுங்கள், வருகிறேன் என்றாளாம். சொல்லியிருக்கிறார்.

அவளுக்குப் போன் செய்யலாமா என்று மூன்று தடவை எடுத்தேன். செய்யவில்லை. இப்போது அவளோடு பேசினால் என் மனசுக்குத்தான் லேசாக இருக்கும். அவளுக்கு அதில் என்ன?

2026 பிப்ரவரி 9, திங்கள்

குறைதீர்ப்பு நாள். ஏழரைக்கே கடை வாசலில் கூட்டம். முதியோர் உதவித்தொகை, பட்டா, வாய்க்கால் தகராறு. தலை தூக்காமல் அடித்துக்கொண்டிருந்தேன். "வீட்டுமனைப் பட்டா மனு" என்று ஒரு குரல். நிமிர்ந்தால் பிரபாவதி.

அவளுக்கும் நான் இங்கே இருப்பது தெரியாது. ஒரு நிமிஷம் வெளியே பார்த்தாள். அடுத்த கடையிலும் கூட்டம். உட்கார்ந்தாள். காகிதங்களை வரிசையாக எடுத்து வைத்தாள்.

அடித்து, பிரதி எடுத்துக் கொடுத்தேன். மேசைமேல் வைத்து, விரலை ஊன்றி ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தாள். ஆதார் எண் பன்னிரண்டும். சர்வே எண். கதவு எண். தேதி. முடித்துவிட்டு முதலிலிருந்து இன்னொரு தடவை. பின்னால் நின்ற ஆள், "சீக்கிரம்மா" என்றார். அவள் அவசரப்படவில்லை. நானும் அடுத்த மனுவை வாங்காமல் அவள் விரல் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்ப்பதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது.

"சரியா இருக்குது" என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

எழுந்தவள் காகிதங்களை உறையில் போட்டுக்கொண்டே, "போன வாரம் கெடச்சிடுச்சி. பாண்டிக்கு நேரா. பொட்டியெல்லாம் மக்கிப்போச்சாம், எறக்கைங்க அடுக்கி வச்சபடியே கெடக்குதாம். அந்தம்மா வீடியோல பாத்துட்டு, அப்பா இங்கதான் இருக்காருன்னு சொன்னாங்க" என்றாள்.

தலையை ஆட்டினேன்.

சாலையைக் கடந்து கலெக்டர் ஆபீஸ் வரிசையில் போய் நின்றுகொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற ஆள் உட்கார்ந்து தன் காகிதத்தை நீட்டினார். கிணற்றுத் தகராறு. சர்வே எண் மங்கலாக இருந்தது. ஆறா எட்டா என்று அவரிடம் கேட்டேன். தெரியாது, ஏதோ ஒன்று போடுங்கள் என்றார். வீட்டுக்குப் போன் செய்து கேளுங்கள், காத்திருக்கிறேன் என்றேன்.